ஃபைண்ட் பாக்ஸுக்குள்ள போனாலும் கை அதே கைதான்

கண்ட்ரோல்+டபிள்யூ அடிச்சேன், ஃபைல் மூடிடுச்சு. ஒரு பெரிய ஃபைல்ல 200 வரிக்கு மேல ஒரே மாதிரி மாத்த வேண்டியிருந்துச்சு, ஃபைண்ட் பாக்ஸ்ல நீளமா ஒரு ரெகெக்ஸ் (ஒரு வடிவத்துக்குப் பொருந்தற டெக்ஸ்டையெல்லாம் தேடற குறியீடு) எழுதிக்கிட்டு வந்தேன், கடைசி சொல்லு மட்டும் தப்பா விழுந்துடுச்சு, அதை அழிக்கத்தான் அந்த கீ. ஷெல்ல, அதாவது கமாண்ட் அடிச்சு கம்ப்யூட்டரை ஓட்டற இடத்துல, வேலை பண்றவங்களுக்குத் தெரியும், அங்க கண்ட்ரோல்+டபிள்யூன்னா கர்சருக்கு முன்னாடி இருக்கற சொல் அழியும், வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சு அது விரலுக்குள்ளயே போய் உக்காந்துடுச்சு. நான் கோட் எழுதற எடிட்டரோட கீமேப் ஃபைல்லயும் (எந்த கீக்கு எந்த வேலைன்னு எழுதி வைக்கற ஃபைல்) அந்த கீக்கு அதே வேலையைத்தான் குடுத்து வச்சிருக்கேன், டெக்ஸ்ட் பகுதியில ஒழுங்கா வேலையும் செய்யுது. கர்சர் ஃபைண்ட் பாக்ஸுக்குள்ள போனதும் மட்டும் நான் எழுதி வச்ச கீமேப்பை யாரும் படிக்கவே இல்ல, கீ நேரா மெனுவுக்குப் போயி ‘டேபை மூடு’ன்னு ஆயிடுச்சு. எழுதின ரெகெக்ஸும் அதோட போச்சு.

இது முதல் தடவை இல்ல, நாலாவதோ அஞ்சாவதோ. ஓப்பன் சோர்ஸ் எடிட்டர்ங்கறதால அன்னிக்கு ராத்திரி சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தேன், அப்புறம் அதுலயே ஆறு மாசம் போச்சு. சர்ச் அண்ட் ரிப்ளேஸ் பகுதிக்கு கஸ்டம் கீபைண்டிங் (எந்த கீக்கு எந்த வேலைன்னு பயனரே கட்டிக்கறது) கொண்டு வர்ற வேலையை நானே எடுத்துக்கிட்டேன். வெளிய இருந்து பாத்தா சின்ன வேலை மாதிரிதான் தெரியும், ஒரு பக்கம் கீ, இன்னொரு பக்கம் வேலை, ரெண்டையும் ஜோடி போட்டு ஒரு டேபிள்ல எழுதிட்டா முடிஞ்சுது. எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் தோணுச்சு. உள்ள போனப்பறம்தான் தெரிஞ்சுது, கீயை மாத்த விடறது இதுல கால்வாசி வேலை, அந்த கீக்குப் பின்னாடி இருக்கற செயலை எவ்வளவு சின்னச் சின்னதா பிரிச்சு வச்சிருக்கோம்ங்கறதுதான் மிச்சம் முக்கால்வாசி.

முதல்ல கோட் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடறேன். எடிட்டரோட டெக்ஸ்ட் பகுதிக்கு ஒரு ஒழுங்கான கீமேப் இருந்துச்சு, எந்த கீ அடிச்சாலும் டேபிள்ல தேடி, கமாண்ட் பேரை எடுத்து, அந்த கமாண்டை ஓட்டும். ஃபைண்ட் பாக்ஸ் வேற ஜாதி, அது டூல்கிட் (பட்டன், பெட்டியெல்லாம் ரெடியா குடுக்கற லைப்ரரி) குடுக்கற ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபீல்டு, அது மேல ஒரு இஃப் ஏணி. என்டர் வந்தா அடுத்த மேட்ச், ஷிஃப்ட்+என்டர் வந்தா முந்தின மேட்ச், எஸ்கேப் வந்தா பாக்ஸை மூடு, வேற எது வந்தாலும் எனக்குத் தெரியாதுன்னு விட்டுடும். அப்படி விட்ட கீ எங்க போகும்ங்கறது டூல்கிட்டைப் பொறுத்தது, சிலதுல ஃபோகஸ் இருக்கற விட்ஜெட், அதாவது இப்ப கர்சர் இருக்கற பெட்டி, முதல்ல பாக்கும், அது வேண்டாம்னா அதைச் சுத்தி இருக்கற பேரன்ட், அப்புறம் விண்டோ, கடைசியா மெனு, வேற சிலதுல மெனு ஷார்ட்கட்தான் முதல்ல பாயும். இந்த பயணத்துல எந்த இடத்துலயும் பயனரோட கீமேப் ஃபைல் இல்ல. எழுதினவர் மேல எனக்கு கோவமே இல்ல, ஏன்னா ஃபைண்ட் பாக்ஸை எல்லாரும் ஒரு டயலாகா, ஓகே கேன்சல் பட்டன் மாதிரி ஒரு சமாச்சாரமாத்தான் நினைக்கறாங்க, அதுக்குள்ளயும் ஒருத்தர் உக்காந்து எழுதறாரு, திருத்தறாரு, அழிக்கறாருன்னு யாருக்கும் தோணறதில்ல. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த பாக்ஸுக்குள்ள போய் வர்றவங்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு தெரியும்.

ஆரம்ப காலத்துல பாக்ஸே கிடையாது. 1969-ல, யூனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கென் தாம்ப்ஸன் எழுதின எட் எடிட்டர்ல தேடணும்னா ஸ்லாஷ் போட்டு பேட்டர்னை எழுதுவாங்க, மாத்தணும்னா எஸ் போட்டு ரெண்டு ஸ்லாஷுக்கு நடுவுல பழசு, அப்புறம் புதுசு. எல்லாம் ஒரே கமாண்ட் வரி, அதனால தேடும்போது கீ வேற மாதிரி நடந்துக்கும்ங்கற பேச்சுக்கே இடம் இல்ல. விம் எடிட்டர் இன்னிக்கும் அந்த வம்சம்தான், ஸ்லாஷ் அடிச்சதும் கீழ ஒரு வரி திறக்குது, அதுக்கு தனியா சிமேப்னு ஒரு மேப்பிங் வகையே இருக்கு. அந்த சிமேப் கோலன் கமாண்டுக்கும் தேடலுக்கும் பொதுவா போய் உக்காரும், ‘தேடும்போது மட்டும்’னு பிரிக்கணும்னா கெட்சிஎம்டிடைப்ங்கற ஃபங்ஷனைக் கூப்பிட்டு இப்ப வரியோட தொடக்கத்துல இருக்கறது ஸ்லாஷா கோலனான்னு கேட்டுத்தான் பிரிக்கணும். அதையாவது செய்யலாம். சப்ஸ்டிட்யூட் கமாண்டோட கடைசியில சி போட்டு ஒவ்வொண்ணா கேட்டு மாத்தச் சொன்னா, ஒய், என், ஏ, க்யூ, எல்னு (ஆமா, இல்ல, எல்லாம், நிறுத்து, இதோட போதும்) அது கேக்கற இடத்துல மேப்பிங் எதுவும் செல்லாது, உள்ளயே மேப்பிங்கை நிறுத்தி வச்சுட்டுத்தான் அந்த கீயைப் படிக்குது. விம்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும், எல்லாத்தையும் மாத்திக்கோன்னு விடற எடிட்டர்லயே இந்த ஒரு மூலை மட்டும் பூட்டிக் கிடக்கறதைப் பாத்தப்பதான் இந்த பகுதி எவ்வளவு சுலபமா கண்ணுல படாம போயிடும்னு எனக்கு உறைச்சுது.

ஈமேக்ஸ் எடிட்டர் வேற வழி. அங்க தேடலுக்கு பாக்ஸே இல்ல, கண்ட்ரோல்+எஸ் அடிச்சா நீங்க இருக்கற இடத்துலயே தேடல் நிலைக்குப் போயிடறீங்க, ஒவ்வொரு எழுத்து அடிக்க அடிக்க கர்சர் தாவிக்கிட்டே போகும். அந்த நிலைக்குன்னு ஐசர்ச்-மோட்-மேப்னு தனி கீமேப் இருக்கு, மத்த எந்த கீமேப்பையும் மாத்தற மாதிரியே அதையும் மாத்தலாம். அழகான விஷயம் என்னன்னா, அந்த மேப்புல இல்லாத கமாண்ட் கீ எதையாவது அடிச்சா தேடல் தானா முடிஞ்சு, அந்த கீயோட வழக்கமான வேலை நடக்கும். அதாவது ‘எனக்குத் தெரியாத கீ’ன்னு ஒண்ணு வந்தா அதை எங்க அனுப்பணும்ங்கறதை யோசிச்சு முடிவு பண்ணியிருக்காங்க. மாத்தற பக்கம் க்வெரி-ரிப்ளேஸ்-மேப்னு இன்னொரு கீமேப், ஒய், என், ஆச்சரியக்குறி, புள்ளி, கமா எல்லாமே அதுல சாதாரண பைண்டிங்தான், பிடிக்கலன்னா ஒரே வரியில மாத்திக்கலாம்.

விஎஸ் கோட் மாதிரி இப்போதைய எடிட்டர்கள் ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி பிடிச்சிருக்காங்க. கீமேப் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு வரிக்கும் ‘எப்போ’ன்னு ஒரு நிபந்தனை போடலாம். ஃபைண்ட் விட்ஜெட் திறந்திருக்கும்போது, தேடற பெட்டியில ஃபோகஸ் இருக்கும்போது, மாத்தற பெட்டியில ஃபோகஸ் இருக்கும்போதுன்னு தனித்தனி கான்டெக்ஸ்ட் பேர் இருக்கு. (அந்த கான்டெக்ஸ்ட் பேர்ல ஃபோகஸ்ட்ங்கற சொல்லுக்கு ரெண்டு எஸ் இருக்கும், ஒரு எஸ் மட்டும் போட்டு எழுதினா பைண்டிங் வேலையே செய்யாது. இத்தனை பேர் கீமேப் ஃபைல்ல அந்த எழுத்து அப்படியே போயிட்ட பிறகு அதை மாத்தறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு கீமேப்புக்குப் பொறுப்பு எடுத்தவங்களுக்குப் புரியும். பேர் வைக்கும்போதே நிதானமா வைக்கணும்னு அதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்.) ரூல்களை கீழ இருந்து மேல படிக்கறாங்க, முதல்ல பொருந்தறது ஜெயிக்கும், அதனால கடைசியா சேர்ற பயனர் வரி எப்பவும் டிஃபால்ட்டை மிஞ்சும், கமாண்ட் பேருக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டா டிஃபால்ட் பைண்டிங் நீங்கிடும். சப்லைம் டெக்ஸ்ட்லயும் இதே எண்ணம்தான், பேனல் எது, அதுல ஃபோகஸ் இருக்கான்னு கான்டெக்ஸ்ட்ல கேக்கலாம், ஃபைண்ட் பேனலோட என்டர் கீ கூட டிஃபால்ட் கீமேப் ஃபைல்ல ஒரு சாதாரண வரியாத்தான் இருக்கும். அதைப் பாத்ததும் நம்ம எடிட்டர்லயும் இதையே செய்யலாம்னு முடிவு பண்ணேன்.

இஃப் ஏணியை எடுத்துட்டு மூணு கமாண்ட் வச்சேன். அடுத்தது, முந்தினது, மூடு. கீமேப்புல கான்டெக்ஸ்ட் சேத்தேன், ஃபைண்ட் பாக்ஸ்ல ஃபோகஸ் இருந்தா முதல்ல அந்த கான்டெக்ஸ்ட் ரூல், இல்லன்னா பொது ரூல். ஒரு வாரத்துல முடிஞ்சுது, கண்ட்ரோல்+டபிள்யூ சொல்லை அழிக்க ஆரம்பிச்சுது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெளியிட்ட மூணாவது நாளே ஒருத்தர் கேட்டார், ‘எஸ்கேப் அடிச்சா தேட ஆரம்பிச்ச இடத்துக்கே கர்சர் திரும்பி வரணும், என்டர் அடிச்சா மேட்ச் இருக்கற இடத்துலயே நிக்கணும், இதை எப்படி பைண்ட் பண்றது?’ நியாயமான கேள்வி. ஈமேக்ஸ்ல கண்ட்ரோல்+ஜி அப்படித்தான், தேடலைக் கைவிட்டா கிளம்பின இடத்துக்கே கொண்டு போய் விடும், அதுலயும் அடிச்ச சொல்லோட பின்பாதி எங்கயும் பொருந்தலன்னா முதல் கண்ட்ரோல்+ஜி அந்த பொருந்தாத பாதியை மட்டும் அழிக்கும், ரெண்டாவதுதான் திரும்பிப் போகும். ஒரு ஃபங்ஷன் எங்க வரையறுத்திருக்குன்னு எட்டிப் பாத்துட்டு எழுதிக்கிட்டிருந்த இடத்துக்கே வரணும்னா இதை விட நல்ல வழி கிடையாது. ஆனா எங்க கிட்ட பைண்ட் பண்றதுக்கு அப்படி ஒரு கமாண்டே இல்ல, ‘மூடு’ மட்டும்தான் இருக்கு. எந்த கீயை வேணும்னாலும் வச்சுக்கோன்னு சொல்லிட்டு, அந்த கீயில வைக்கறதுக்கு ஒண்ணும் குடுக்காம விட்டிருக்கேன்.

அன்னிக்குத்தான் ‘மூடு’ங்கற ஒரு சொல்லுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பேப்பர்ல எழுதிப் பார்த்தேன். பாக்ஸ் மறையணும். ஃபோகஸ் டெக்ஸ்டுக்குத் திரும்பணும். கர்சர் எங்க நிக்கணும், மேட்ச்லயா, கிளம்பின இடத்துலயா? மேட்ச்லன்னா அது செலக்ட் ஆகி இருக்கணுமா, வெறும் கர்சர் போதுமா, போதும்னா மேட்ச்சோட தொடக்கத்துலயா முடிவுலயா? மஞ்சளா ஒளிர்ற ஹைலைட் எல்லாம் போகணுமா இருக்கணுமா? தேடின சொல் ஹிஸ்டரியில சேரணுமா? இவ்வளவும் ஒரே ஃபங்ஷனுக்குள்ள ஒண்ணா கலந்து கிடந்துச்சு, யாரோ ஒருத்தர் ஒரு நாள் எடுத்த முடிவு எல்லார் விரலுக்கும் சட்டம் ஆயிடுச்சு. அதைப் பிரிச்சேன். ‘ஏத்துக்கிட்டு மூடு’ ஒண்ணு, ‘கைவிட்டுத் திரும்பு’ ஒண்ணு, ‘பாக்ஸ் இருக்கட்டும், ஃபோகஸ் மட்டும் டெக்ஸ்டுக்குப் போகட்டும்’ ஒண்ணு, ‘ஹைலைட்டை அழி’ தனியா ஒண்ணு. பல கமாண்டை வரிசையா ஒரே கீக்கு கட்டவும் வழி வச்சேன், இதுக்கு மேல வேணும்ங்கறவங்க தாங்களே கோத்துக்கலாம்.

மாத்தற பக்கம் இன்னும் ஆழமா போச்சு. ‘ரிப்ளேஸ்’ பட்டனை அழுத்தினா என்ன நடக்குது? பெரும்பாலான எடிட்டர்ல இப்ப செலக்ட் ஆகியிருக்கறது மேட்ச்சா இருந்தா மாத்திட்டு அடுத்த மேட்சுக்குத் தாவும், இல்லன்னா மாத்தாம முதல் மேட்சுக்கு மட்டும் போகும், அதாவது ஒரே பட்டன் முதல் அழுத்துல ஒரு வேலை, ரெண்டாவது அழுத்துல வேற வேலை. மவுஸ்ல அழுத்தறப்போ கண்ணு திரையிலயே இருக்கும், சமாளிச்சுக்கலாம், கீயில வேகமா அடிக்கறப்போ ஒரு அடி எங்க போச்சுன்னே தெரியாது. எனக்கு இதுல தெளிவான கருத்து இருக்கு, மாத்தறது ஒரு கமாண்ட், நகர்றது ஒரு கமாண்ட், ரெண்டும் சேந்தது மூணாவது கமாண்ட், மூணுக்கும் தனித்தனி பேர் இருக்கணும். ஈமேக்ஸ்ல கமா அடிச்சா மாத்திட்டு நகராம அங்கயே நிக்கும், மாத்தினது சரியா வந்திருக்கான்னு பாத்துட்டு அப்புறம் நகரலாம். புள்ளி அடிச்சா இந்த ஒண்ணை மாத்திட்டு வெளிய வந்துடும். ஆச்சரியக்குறி மிச்சம் எல்லாத்தையும் கேக்காம மாத்தும். கூரைக்குறி முந்தின மேட்சுக்குத் திரும்பும். இந்த கமாவை நான் அவ்வளவு விரும்பறேன், கேப்சர் குரூப் (பொருந்தினதுல ஒரு பகுதியை எடுத்து புதுசுல திரும்ப உபயோகிக்கறது) வச்சு சிக்கலா மாத்தும்போது முதல் ரெண்டு மூணு இடத்துல கமா போட்டு சரிபாத்துட்டு, நம்பிக்கை வந்ததும் ஆச்சரியக்குறி போட்டு முடிக்கறதுல ஒரு நிம்மதி இருக்கு. நாலையும் கமாண்டா கொண்டு வந்தேன்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. ஃபைண்ட் பாக்ஸுக்குள்ள இருக்கும்போது வெறும் எழுத்துக் கீயை கமாண்டா வைக்க முடியாது, ஒய் அடிச்சா ஒய்ங்கற எழுத்து விழணும். ஆனா ஒவ்வொண்ணா கேட்டு மாத்தற நிலையில எழுதறதுக்கு எதுவுமே இல்ல, அதனால அங்க எல்லா எழுத்தும் சும்மா இருக்கு, ஒற்றை எழுத்தை கமாண்டா வைக்கலாம். அதனால அது தனி கான்டெக்ஸ்ட் ஆகணும். கடைசியில தேடற பெட்டி, மாத்தற பெட்டி, கேக்கற நிலைன்னு மூணு கான்டெக்ஸ்ட் வந்துச்சு, மூணுக்கும் பொதுவா ‘தேடல் நடக்குது’ன்னு ஒண்ணு. சின்ன வட்டத்துல கிடைக்கலன்னா பெரிய வட்டம், அங்கயும் இல்லன்னா எடிட்டரோட பொது கீமேப்.

இந்த கேக்கற நிலையில ஒரு பெரிய சிக்கலை நானே அனுபவிச்சேன். தமிழ் டெக்ஸ்ட் ஒண்ணுல ஒரு சொல்லை மாத்திக்கிட்டிருந்தேன், கீபோர்டு தமிழ்99 லேஅவுட்ல இருந்துச்சு, மாத்தவான்னு கேட்டுச்சு, ஒய் கீயை அடிச்சேன், ஒண்ணும் நடக்கல. நடக்காது, ஏன்னா அந்த ‘ஒய்’ கீ இப்ப ‘ள’, ‘என்’ கீ ‘ல’. ஒவ்வொரு தடவையும் லேஅவுட்டை மாத்தி பதில் சொல்லிட்டு திரும்ப தமிழுக்கு வர்றதுன்னா மாத்தற வேலையை விட இந்த வேலை பெருசு. ரஷ்யன், கிரேக்கம், அரபி எழுதறவங்களுக்கும் இதே கதைதான். ஈமேக்ஸோட சொந்த இன்புட் மெத்தட்ல தமிழ் அடிச்சா இந்தப் பிரச்சனை வராது, எழுத்து உள்ளிடும்போது மட்டும்தான் அது தமிழ், கேள்விக்கு பதில் சொல்லும்போது பழைய கீயே வரும். விம்ல தேடல் பேட்டர்னுக்கு மட்டும் இன்புட் மெத்தட் வேணுமா வேண்டாமான்னு சொல்ல ஐஎம்சர்ச்னு தனி ஆப்ஷனே இருக்கு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் லெவல்ல லேஅவுட் மாத்தறவங்களுக்கு இது உதவாது, அவங்களுக்கு ஒரே வழி, கீயில இருந்து வர்ற எழுத்தைப் பாக்காம கீ இருக்கற இடத்தைப் பாக்கறது. ப்ரௌசர்ல கூட ஒரு கீ ஈவன்ட்ல ரெண்டு தகவல் வருது, எந்த எழுத்துன்னு ஒண்ணு, போர்டுல எந்த இடத்துல இருக்கற கீன்னு ஒண்ணு. விஎஸ் கோட்ல கீ பேரை சதுர அடைப்புக்குள்ள எழுதினா இடத்தை வச்சு பைண்ட் ஆகும். நாங்களும் அதே குறியீட்டை எடுத்துக்கிட்டோம், அதுக்கு மேல ஒண்ணு சேத்தோம், கேக்கற நிலையில வந்த எழுத்துக்கு பைண்டிங் இல்லன்னா இடத்தை வச்சு ஒரு தடவை தேடிப் பாக்கும். இப்ப ‘ள’ அடிச்சாலும் மாத்தும், ‘ல’ அடிச்சாலும் தாண்டிப் போகும்.

இடம், எழுத்து ரெண்டுல எதுன்னு பயனர்தான் சொல்லணும், நாமளா தீர்மானிக்கக் கூடாது. எழுத்துகளை வேற வரிசையில அடுக்கின டிவோராக் லேஅவுட் பழகினவருக்கு எழுத்துதான் முக்கியம், கீ எங்க இருந்தாலும் ‘என்’ங்கற எழுத்துன்னா அவருக்கு ‘நெக்ஸ்ட்’. அம்புக்குறி மாதிரி நாலு பக்கம் நகர்ற கீகளை பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கறவருக்கு இடம்தான் முக்கியம்.

ஐஎம்இ (அடிச்ச கீயை வச்சு எழுத்தைத் தேர்ந்தெடுக்க விடற சாஃப்ட்வேர்) வச்சு எழுதறவங்க கிட்ட இருந்து இன்னொண்ணு வந்துச்சு. ஜப்பானிய மொழியில எழுத்தைத் தேர்ந்தெடுத்து உறுதி பண்றதுக்கும் என்டர்தான், அந்த என்டரை நாங்க ‘அடுத்த மேட்ச்’னு எடுத்துக்கிட்டு ஓடிட்டோம், அவங்க பாதிச் சொல்லை வச்சுத் தேடற மாதிரி ஆயிடுச்சு. கம்போஸிங், அதாவது எழுத்து இன்னும் உறுதியாகாத நிலை, நடக்கும்போது எந்த கீயும் கீமேப்புக்கு வரக் கூடாது, முழுக்க ஐஎம்இ-க்கு விட்டுடணும். ஒரே ஒரு செக்தான், கோட்ல ரெண்டு வரி, ஆனா அது இல்லாத வரைக்கும் ஒரு மொழிக்காரங்களுக்கு ஃபைண்ட் பாக்ஸே உபயோகமில்லாம இருந்துச்சு.

என்டர் கீயைப் பத்தியே தனியா எழுதலாம். ரெண்டு வரி சேந்த பேட்டர்னைத் தேடணும்னா பாக்ஸுக்குள்ள ஒரு புது வரி போடணும், என்டரை ஏற்கனவே அடுத்த மேட்ச் எடுத்துக்கிச்சு. விஎஸ் கோட்ல அதுக்கு கண்ட்ரோல்+என்டர், ஈமேக்ஸ் தேடல்ல கண்ட்ரோல்+ஜே. பாக்ஸ் ரெண்டு வரி ஆனதும் மேல் அம்புக்கு என்ன அர்த்தம்னு அடுத்த கேள்வி, பழைய தேடலுக்குப் போகணுமா, முதல் வரிக்குப் போகணுமா? கர்சர் முதல் வரியில இருக்குங்கறதை ஒரு கான்டெக்ஸ்டா வச்சதும் தீந்துது, முதல் வரியில இருந்தா ஹிஸ்டரி, இல்லன்னா வரி மேல போகும். வேண்டாம்ங்கறவர் அந்த ரூலை எடுத்துடலாம்.

எங்க எடிட்டருக்கு டெர்மினல்ல, அதாவது ஷெல் ஓடற எழுத்துத் திரையில, ஓடற ஒரு வடிவமும் உண்டு, அங்க வேற உலகம். விண்டோஸ்ல பல எடிட்டர்ல ரிப்ளேஸ்னா கண்ட்ரோல்+ஹெச், அதை சில டெர்மினல்ல வச்சா பேக்ஸ்பேஸ் அடிச்ச மாதிரி ஆகும், ஏன்னா எழுத்துக்கெல்லாம் எண் குடுக்கற ஆஸ்கியில கண்ட்ரோல்+ஹெச்தான் 8, பேக்ஸ்பேஸும் அதே 8. கண்ட்ரோல்+ஐ-யும் டேபும் 9, கண்ட்ரோல்+எம்-மும் என்டரும் 13, பழைய டெர்மினல் வழக்கத்துல இந்த ரெண்டு ஜோடியையும் பிரிச்சுப் பாக்கவே வழி இல்ல, பயனர் கேட்டாலும் குடுக்க முடியாது. கண்ட்ரோல்+எஸ் 19, அது ‘அனுப்பறதை நிறுத்து’ன்னு டெர்மினலுக்குச் சொல்ற குறி, தேடலாம்னு அடிச்சா திரை உறைஞ்சு நிக்கும், கண்ட்ரோல்+க்யூ அடிச்சாத்தான் விடும். ஆல்ட் சேந்த கீ வந்தா முதல்ல எஸ்கேப், பின்னாடியே எழுத்துன்னு ரெண்டு துண்டா வரும், அதனால தனி எஸ்கேப் வந்தா இதுக்குப் பின்னாடி எதுவும் வருதான்னு கொஞ்ச நேரம் காத்திருக்கணும். ஒரே டெர்மினலைப் பலதா பிரிச்சுக் குடுக்கற டிமக்ஸ்ல இந்தக் காத்திருப்பு ரொம்ப காலம் டிஃபால்ட்டா 500 மில்லிசெகண்ட், எஸ்கேப் அடிச்சு அரை செகண்ட் கழிச்சு பாக்ஸ் மூடினா கைக்கு அது உடனே தெரியும். கிட்டி டெர்மினல் கொண்டு வந்த கீபோர்டு ப்ரோட்டோகால் இதையெல்லாம் பிரிச்சு அனுப்புது, அது இருக்கற டெர்மினல்ல முழு கீமேப், இல்லாத இடத்துல ‘இந்த ரெண்டு கீயும் இங்க ஒண்ணுதான்’னு கீமேப்பைப் படிக்கும்போதே சொல்லிடறோம். பைண்டிங் வேலை செய்யலன்னு ஒருத்தர் அரை நாள் மண்டையை உடைச்சுக்கறதை விட முதல்லயே சொல்லிடறது மரியாதை.

கிராஃபிக்கல் பக்கத்துல விண்டோஸ்ல ஆல்ட்ஜிஆர் (வலது பக்க ஆல்ட் கீ) ஒரு பொறி. அது கண்ட்ரோல்+ஆல்ட் ரெண்டும் சேத்து அழுத்தின மாதிரியே வரும். ஜெர்மன் கீபோர்டுல சுருள் அடைப்பு வேணும்னா ஆல்ட்ஜிஆர்+7, நாங்க கண்ட்ரோல்+ஆல்ட்+7-ஐ தேடல்ல எதுக்கோ டிஃபால்ட்டா குடுத்திருந்தோம், விளைவு, ஜெர்மன்காரங்களால ஃபைண்ட் பாக்ஸுக்குள்ள ரெகெக்ஸ்ல சுருள் அடைப்பே போட முடியல. போலிஷ்ல ஆல்ட்ஜிஆர்+சி ஒரு சாதாரண எழுத்து. அதுக்கப்புறம் டிஃபால்ட்ல கண்ட்ரோல்+ஆல்ட் சேந்த எல்லாத்தையும் எடுத்துட்டேன், பயனர் தானா வச்சுக்கட்டும்.

மேக்ல ஒரு விஷயத்தைப் பாத்து பொறாமையே பட்டேன். அங்க சிஸ்டத்தோட டெக்ஸ்ட் ஃபீல்டு எதுவா இருந்தாலும் கண்ட்ரோல்+ஏ வரி தொடக்கம், கண்ட்ரோல்+ஈ வரி முடிவு, கண்ட்ரோல்+கே மிச்சத்தை வெட்டும், இதையெல்லாம் பயனர் தன்னோட ஒரு ஃபைல்ல மாத்திக்கவும் செய்யலாம், அப்படி மாத்தினது அந்த ஃபீல்டை உபயோகிக்கற எல்லா ஆப்லயும் செல்லும். கமாண்ட்+ஈ அடிச்சா செலக்ட் பண்ணின டெக்ஸ்ட் தேடல் சொல்லா ஆகி, இன்னொரு ஆப்புக்குப் போய் கமாண்ட்+ஜி அடிச்சா அங்கயும் அதையே தேடும். லினக்ஸ்ல ஜிடிகேங்கற டூல்கிட்ல, ஜிடிகே 3 வரைக்கும் டெக்ஸ்ட் ஃபீல்டுகளுக்கு ஈமேக்ஸ் கீ தீம்னு ஒண்ணு போட்டுக்கலாம், ஜிடிகே 4-ல கீ தீம்ங்கறதையே எடுத்துட்டாங்க. அது போனதுக்கப்புறம் ஒவ்வொரு ஆப்பும் தன் பெட்டியை தானே பாத்துக்க வேண்டியதாச்சு, அதனாலதான் நாங்க டூல்கிட் ஃபீல்டை விட்டுட்டு ஃபைண்ட் பாக்ஸையே எங்க எடிட்டர் விட்ஜெட்டோட சின்ன வடிவமா மாத்தினோம். ஆறு மாசத்துல எடுத்த நல்ல முடிவு அதுதான், சொல் அழிக்கறது, சொல் தாண்டறது, கட், பேஸ்ட் எல்லாம் பயனரோட கீமேப்புல இருந்தே தானா வந்துடுச்சு.

அன்டூ மட்டும் ஒரு மாசம் இழுத்துச்சு. பாக்ஸுக்குள்ள கண்ட்ரோல்+இசட் அடிச்சா எதை அன்டூ பண்ணணும், பாக்ஸ்ல அடிச்ச எழுத்தையா, இப்பதான் டாக்குமென்ட்ல எல்லாத்தையும் மாத்தின ‘ரிப்ளேஸ் ஆல்’ங்கறதையா? கண்ணு டாக்குமென்ட்ல இருக்கு, ஃபோகஸ் பாக்ஸ்ல இருக்கு. கடைசியா நடந்தது எதுவோ அதை அன்டூ பண்ணலாம்னு முதல்ல எழுதினேன், உபயோகிச்சவங்க எல்லாரும் குழம்பினாங்க, எடுத்துட்டேன். இப்ப ரெண்டு கமாண்ட், பாக்ஸுக்கு ஒண்ணு, டாக்குமென்டுக்கு ஒண்ணு, டிஃபால்ட்ல கண்ட்ரோல்+இசட் பாக்ஸுக்கு, கேக்கற நிலையில மட்டும் டாக்குமென்டுக்கு. ரிப்ளேஸ் ஆல் எத்தனை இடத்துல மாத்தியிருந்தாலும் ஒரே அன்டூ படிதான், அதுல பேச்சுக்கே இடம் இல்ல.

எல்லாத்தையும் மாத்த விட்டா பயனர் தன்னையே உள்ள பூட்டிக்கலாம், எஸ்கேப்பை எடுத்துட்டு வேற எதுவும் வைக்காம. பாக்ஸை மூட ஒரு கீயாவது இல்லன்னா எடிட்டர் கீமேப்பைப் படிக்கும்போதே எச்சரிக்கும், அதுக்கு மேல தடுக்காது. பட்டன் மேல மவுஸ் வச்சா வர்ற குறிப்புல அந்த பயனர் இப்ப வச்சிருக்கற கீதான் தெரியணும், டிஃபால்ட் கீ தெரிஞ்சா அது பொய். கமாண்ட்ல இருந்து கீக்கு பின்பக்கமா தேடி எடுக்கற ஃபங்ஷன் ஒண்ணு எழுதினேன், அவ்வளவுதான்.

இந்த வேலையில என்னை ரொம்பப் பாதிச்ச கோரிக்கை ஒருத்தர் எழுதினது. ரெண்டு மணிக்கட்டும் வலி, ஷிஃப்ட் கண்ட்ரோல்னு சேத்து அழுத்தறதே அவருக்குக் கஷ்டம், காலால மிதிக்கற பெடல் ரெண்டு வாங்கி அதுல எஃப்13, எஃப்14 கீ வர்ற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தார், மத்த எல்லா வேலைக்கும் அது போதும், எங்க ஃபைண்ட் பாக்ஸ்ல மட்டும் எடுபடல. பார்த்தா எங்க கீ பேர் படிக்கற கோட் எஃப்12-ஓட நின்னுடுச்சு. விண்டோஸ்ல எஃப்24 வரைக்கும் கீ இருக்கு, போர்டுல அச்சடிச்சு இல்லங்கறதால எழுதினவருக்குத் தோணல. அன்னிக்கே திருத்தி அனுப்பினேன். வலது கால் மாத்திட்டு அடுத்ததுக்குப் போக, இடது கால் தாண்டிப் போக, கை மேசை மேல சும்மா இருக்கும்னு ரெண்டு நாள் கழிச்சு எழுதியிருந்தார், தன் கீமேப்போட அந்த ரெண்டு வரியையும் கூடவே அனுப்பியிருந்தார். அதை டாக்குமென்டேஷன்ல உதாரணமா போடலாமான்னு கேட்டேன், சரின்னார்.

ஒரே ஃபைலுக்குள்ள தேடறது இப்ப ஒழுங்காயிடுச்சு. ப்ராஜெக்ட் முழுக்கத் தேடற பேனல் இன்னும் பழைய இஃப் ஏணியிலதான் நிக்குது, அங்க ரிசல்ட் லிஸ்ட்ல ஃபோகஸ் இருக்கறது, ஃபைல் பேர் வடிகட்டற பெட்டியில ஃபோகஸ் இருக்கறதுன்னு இன்னும் ரெண்டு கான்டெக்ஸ்ட் வேணும், ஒரு ஃபைலை மட்டும் மாத்தறது, ஒரு வரியை மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடறதுன்னு பிரிக்க வேண்டியது நிறைய இருக்கு. கமாண்ட் பேர்களை மட்டும் எழுதி வச்சிருக்கேன், இதுவரைக்கும் 14 வந்திருக்கு.